பன்னிரண்டாம் முனை

எடின்பரோவின் டிசம்பரில்
சூரியன் அரைநாள் கூலிக்காரன்.
நாலு மணிக்குக் கடையைக் கட்டிவிடுவான்.
அதன்பின் என்மேல் ஒரு மஞ்சள் சட்டை ஏறும்.
கையில் சிவப்பாய் எரியும் குச்சி.

பகலில் நான் இந்தத் தாவரத் தோட்டத்தின் பதிவேட்டுக்காரன்.
எந்த மரம் எந்த ஆண்டு எந்தக் கப்பலில் வந்தது,
எந்தப் பாத்தியில் எது பட்டுப்போனது,
எல்லாம் என் கையெழுத்தில்.
ஒளிவிழா நடக்கும் ஆறு வாரமும் இரவானால்
"இப்படிப் போங்க, திரும்பி வரக்கூடாது"
என்று சொல்லும் வெறும் வாய்.

தூங்கப்போன மரங்களை எழுப்பி
ஊதா பூசியிருக்கிறார்கள்.
பீச் வேலிக்குப் பச்சை, குளத்துக்கு நீலம்.
விடிந்துவிட்டதென்று நம்பி
ஒரு ராபின் ராத்திரி ஏழு மணிக்குப் பாடுகிறது.
அதனிடம் யார் போய்ச் சொல்வது?

ஆறே முக்கால் சீட்டுக்காரர்கள் வருகிறார்கள்,
சாக்லேட் ஆவி முன்னே, அவர்கள் பின்னே.
யாரும் மரத்தின் பெயர் கேட்பதில்லை.
கழிப்பறை எந்தப் பக்கம் என்று கேட்கிறார்கள்.

அப்போதுதான் அவள் வந்தாள்,
கூட்டத்துக்கு எதிர்த்திசையில்,
கால்களுக்கிடையே நீந்தி.
பின்னாலேயே மூச்சிரைக்க அவள் அப்பா டூகல்.
"எல்ஸ்பெத்! வரிசை நிக்குது, வா!"

அவள் என்முன் வாயைத் திறந்து காட்டினாள்.
முன்வரிசையில் ஒரு சின்ன இருட்டு.
அன்று மாலை நான் பார்த்த
ஒரே உண்மையான இருட்டு.

சுட்ட மார்ஷ்மெல்லோவைக் கடித்தாளாம்.
இங்கேதான். எங்கேயோ.

சட்டப்படி நான் சொல்லவேண்டியது ஒரு வாக்கியம்.
சொல்லவில்லை.
சிவப்புக் குச்சியைப் பாதைக்குக் குறுக்கே பிடித்தேன்.

தலைக்குமேல் ஒரு லட்சம் பல்பு.
கீழே நாங்கள் தேடியது ஒரு பல்.

கலைமான் கொம்பு வைத்த கல்யாணப்பெண்ணின் தோழிகள்
குதிகாலைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்தார்கள்.
கில்ட் அணிந்த கிழவர் ஒருவர்
குளிரில் சிவந்த முட்டியைச் சரளையில் ஊன்றினார்.
சக்கர நாற்காலிப் பெண் தன் போன் வெளிச்சத்தைத்
தரையோடு தரையாய்ப் படரவிட்டு
"நிழல் விழுறதைப் பாருங்க, கல்லைப் பாக்காதீங்க" என்றாள்.
அவளுக்குத்தான் தேடத் தெரிந்தது.

ஊதா வெளிச்சத்தில் எல்லாச் சரளையும் பல்.
ஒரு பையன் பத்து தடவை "கிடைச்சிருச்சு!" என்றான்:
கூழாங்கல், சூயிங்கம், யாருடைய காதுத்தோடோ.

என் வாக்கி டாக்கி கரகரத்தது:
"பன்னிரண்டாம் முனை, அங்க என்ன அடைப்பு?"
"பல்" என்றேன்.
கொஞ்சநேரம் காற்று.
"எந்தப் பல்?"
"மேல்வரிசை. முன்பல்."

முடிவில் நானே ஒரு திருட்டு வேலை செய்தேன்.
புதரிலிருந்து வெள்ளையாய் ஒரு பழம் பறித்து
"இதுவா பாரு" என்று நீட்டினேன்.
அவள் பழத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.
ஆறு வயது அப்படித்தான் பார்க்கும்.
பிறகு, மன்னித்தது போல,
"இது பேர் என்ன?" என்றாள்.

ஆறு வாரத்தில்
பெயர் கேட்ட முதல் ஆள்.

ஸ்னோபெர்ரி என்றேன்.
குரல் கொஞ்சம் பிசிறியது. குளிர்தான்.

ஒன்பது நிமிடம். பல் கிடைக்கவில்லை.
"சரி, இங்கேயே இருக்கட்டும்" என்றாள்,
ஏதோ என்னிடம் ஒப்படைப்பவள் போல.
"முளைச்சா சொல்லுங்க."

பத்து மணிக்கு விளக்கணைத்தார்கள்.
ராபின் பாதிப் பாட்டில் நிறுத்தியது.
நான் அலுவலகம் போய்ப் பதிவேட்டைத் திறந்தேன்.

பாத்தி பன்னிரண்டு.
பால்பல், ஒன்று.
கொடுத்தவர்: எல்ஸ்பெத், வயது ஆறு.
நட்ட நாள்: டிசம்பர் பதினேழு.

மேலதிகாரி அதைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்:
"லத்தீன் பெயர் ஏன் எழுதலை?"

ஜனவரியில் கம்பிச் சுருளோடு வந்த ஆட்களை
அந்த நாலடி மண்ணைச் சுற்றிப் போகச் சொன்னேன்.
ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை.
விதை போட்டிருக்கும்
என்று நினைத்திருப்பார்கள்.