சாக்குக் கழிவு

ஞாயிறு இரண்டாம் வாசகம் எனக்கு.
பங்குச்சாமி தாளை நீட்டிவிட்டு,
"எழுத்தைப் பார்த்தது போதும், பிலோமி,
மனசைப் பார்த்துக்கொண்டு வா" என்றார்.
மப்ளர் சுற்றிய வாய். ஏற்காட்டுக் காற்று.
பாதிதான் காதில் விழுந்தது.

பன்னிரண்டு வரி.
ஏழாவது வரியில் கூலி வருகிறது:
கொடுக்காமல் வைத்துக்கொண்ட கூலிக்கு
வாய் முளைக்கும் என்கிற மாதிரி ஒரு வரி.
அங்கே என் நாக்கு மடங்குகிறது.
சத்தமாய்ப் படித்தேன், மெல்லப் படித்தேன்,
சோறு கொதிக்கும் அடுப்படியில் படித்தேன்.
மற்றதெல்லாம் சேலத்துக்கு இறங்கும் பஸ் மாதிரி
தானாக ஓடுகிறது.
கூலியில் மட்டும்
கொண்டை ஊசி வளைவு.

மனசைத் தயார் செய்வதென்றால்
எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்.
வியாழன் ஒருசந்தி இருந்தேன்.
சுரூபத்தின் முன் தரையைக் கழுவினேன்.
வெள்ளைச் சேலைக்குக் கஞ்சி போட்டு
வெயில் எட்டாத கொடியில் விரித்தேன்.
தம்பி மனைவியோடு இருந்த பேச்சுவார்த்தையின்மையை
ஒரு டம்ளர் காப்பியோடு போய்
நானே முடித்தேன்.
எல்லாம் சரி.
ஏழாவது வரி சரியில்லை.

என் வேலை தராசு.
நாகலூர் போகிற வழியில், சில்வர் ஓக் மரத்தடியில்,
பறிப்புக் காலத்தில் மாலை நாலு மணிக்கு
பெண்கள் வரிசையாய்ச் சாக்கை இறக்குவார்கள்.
பழம் பனியில் நனைந்திருக்கும்.
கொக்கியில் மாட்டி, முள் நிற்கக் காத்திருந்து
"முப்பத்தியொன்று" என்பேன்.
"சாக்குக்கு ரெண்டு" என்பேன்.
இருபத்தொன்பது என்று எழுதுவேன்.
எனக்கு முன்னால் எழுதிய இருதயசாமியும் ரெண்டுதான்.
அவருக்கு முன்னால் யாரோ. அவரும் ரெண்டு.
தோட்டத்து மிளகுக் கொடி மாதிரி அது,
நட்டது யாரென்று எவரும் கேட்பதில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் போன பிறகு
வெறும் சாக்கைக் கொக்கியில் மாட்டினேன்.
ஈரச் சாக்கு.
முள் கொஞ்சம் அசைந்து
ஒன்றைத் தொடாமலே நின்றது.

தராசைத் தட்டினேன். மறுபடி பார்த்தேன்.
பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வந்து
முள்ளை மறைத்துவிடாதா என்றுகூட நினைத்தேன்.
அன்று ஜெபமாலை இரண்டாம் பத்தில் நின்றுபோனது.
ஆண்டவரே, தெரியாமல் செய்தேன் என்று
சொல்ல வந்தேன்.
பன்னிரண்டு பருவமாய்ச் சாக்கை மாட்டுகிற கைக்கு
சாக்கின் கனம் தெரியாதா?
வாக்கியத்தைப் பாதியில் விட்டேன்.

சனிக்கிழமை முதலில் குப்பாயி.
வாழவந்திக்காரி. எங்கள் கோயிலுக்கு வருகிறவள் இல்லை,
நான் படிப்பதைக் கேட்கப் போகிறவளும் இல்லை.
"இருபத்தாறு. சாக்குக்கு ஒண்ணு. இருபத்தஞ்சு."
விரலில் அவள் போட்ட கணக்கு
ஒன்று மிஞ்சி நின்றது. நிமிர்ந்தாள்.
"தப்பாச் சொல்றியாக்கா?"
"முன்னதான் தப்பாச் சொன்னேன்."
சிரிக்கவில்லை. கையெடுக்கவும் இல்லை.
திரும்பி வரிசையிடம் சொன்னாள்.
வரிசை கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தது.
பிறகு கடைசியிலிருந்து ஒருத்தி,
"போன வருசத்துக்கு?"

பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
பன்னிரண்டு நோட்டுகள் தகரப் பெட்டியில் இருக்கின்றன,
எல்லாம் என் கையெழுத்து.
ரைட்டர் திங்கட்கிழமை கூப்பிடுவார்.
பெட்டியையும் தூக்கிக்கொண்டு போவேனா?
இந்த நிமிடம் வரை தெரியவில்லை.

இப்போது மணி பத்து.
தாளை விரித்தேன். ஏழாவது வரி.
நாக்கு இன்னும் மடங்குகிறது.
மடங்கட்டும்.
மைக் முன்னால் அங்கே நான் தடுக்கினால்
தடுக்கினது எதிலென்று
எனக்காவது தெரியும்.

சேலை காயவே இல்லை.
கொடியிலிருந்து எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தேன்.
இவ்வளவு ஈரத்தோடும்
ஒரு கிலோ இருக்காது.