முழங்கால் தண்ணீர்

பங்குனிக் கடைசியில் ஊசுட்டேரி
ஆறிப்போன கஞ்சித் தட்டு.
மேலாகத் தெளிவு. கை விட்டால் பருக்கை.

நாமக்கோழி முங்குகிற இடத்தில் படகு போகும்.
நெடுங்கால் உள்ளான் நிற்கிற இடத்தில் போகாது.
எந்தப் பலகையிலும் இதை எழுதவில்லை.
பலகையில் இருப்பது
ஆறு பேர், மிதவைச் சட்டை, கட்டணம்.

அன்றைக்கு ஐந்து பேர்:
கல்யாணம் ஆகப்போகிற இருவர்,
காமெராக்காரர், குடை பிடிக்க ஒரு பையன்,
மடியில் மேக்கப் பெட்டியோடு பெண்ணின் அக்கா.
மாப்பிள்ளை அந்துவான். முத்தியால்பேட்டை.
மிதவைச் சட்டையைக் கையில் வாங்கி
"ஃபோட்டோல ஆரஞ்சு தெரியுமே" என்றார்.
"தெரியட்டும் சார்."
நானே பக்கிள் போட்டுவிட்டேன்.

பின்னணியில் பூநாரை வேண்டுமாம்.
தூரத்தில் அவை ஒற்றைக் காலில்,
யார் பத்திரிகை வைத்தாலும்
வரமாட்டோம் என்பது போல் நின்றன.
"இன்னும் கொஞ்சம் கிட்ட. இன்னும் கொஞ்சம்."
எனக்குத் தெரியும்.
தெரிந்தும் ஒரு நொடி அதிகம் போனேன்.
அந்த ஒரு நொடியைத்தான்
இவ்வளவு நீளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எஞ்சின் குரல் மாறியது,
தொண்டையில் சோறு சிக்கியவன் மாதிரி.
திரும்பினால் பின்னால்
வரக்காப்பி நிறத்தில் ஒரு கோடு.
விசிறி ஏரியை உழுதிருக்கிறது.
அணைத்துத் தூக்கினேன்.
மூன்று இதழிலும் வேலம்பாசி,
பெண்ணின் சவுரியைவிட நீளம்.
படகின் மூக்கு சேற்றில்.
கரை அதோ,
பத்துக்கண்ணு ரோட்டில் பஸ் ஹாரன் கேட்கிற தூரம்.

அந்துவான் ஷூவைக் கழற்றினார்.
"முழங்கால் தண்ணிதானே, இறங்கித் தள்ளிடறேன்.
நீச்சல் தெரியும்."

அவர் இறங்கப் பார்த்த இடத்தில்
மூங்கில் கழியை ஊன்றினேன்.
ஊன்றினேன் என்பது பொய்.
விட்டேன். அது போயிற்று.
போய்க்கொண்டே இருந்தது.
பிடுங்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.
பக்கத்தில் நிறுத்திக் காட்டினேன்:
அவர் எழுந்து நின்றால்
சேறு தாடிக்கு வரும்.

"சார், நீந்த இந்தத் தண்ணி பத்தாது.
முழுகப் பத்தும்."

அக்கா மேக்கப் பெட்டியை மூடினாள்.

யாரும் எழக் கூடாது என்றேன்.
உட்கார்ந்தபடியே இடுப்பால் நகர்ந்து
ஒவ்வொருவராகப் பின்பக்கம்.
பட்டு நனையும். நனையட்டும்.
குடைப் பையன்தான் முதலில் நகர்ந்தான்,
குடையை மடக்க மறந்து.
மூக்கு ஒரு விரற்கடை எழுந்தது.

வந்த வழியேதான் திரும்ப வேண்டும்,
கலங்கிய அந்தக் கோட்டின் மேலேயே.
ஆனால் என் கழிக்குத் தரையே கிடைக்கவில்லை.
அழுத்தினால் விழுங்குகிறது,
இழுத்தால் படகு கூட வருகிறது.
வியர்த்தது.

"அந்தத் துடுப்பைக் கொடுங்க."
பெண் பேசியது அதுதான் முதல் முறை.
வளையல்களை முழங்கை வரை ஏற்றிக்கொண்டு
துடுப்பின் அகலத்தைச் சேற்றின் மேல் படுக்கவைத்து,
குத்தாமல், தோசையைத் திருப்புகிற மாதிரி
மெதுவாக அமுக்கினாள்.
படகு நகர்ந்தது.
"கூடப்பாக்கத்துப் பொண்ணு" என்றாள் அக்கா,
மன்னிப்புக் கேட்பது போல.

அரை மணி ஆயிற்று.
காமெராக்காரர் படம் எடுக்கவில்லை.
இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்திருந்தார்.
பக்கத்தில் ஒரு நாமக்கோழி முங்கியது,
நேரம் கழித்து வேறெங்கோ எழுந்தது.
அப்புறம்தான் எஞ்சினை இறக்கினேன்.

பதிவேட்டில்
"தாமதம்: காற்று" என்று எழுதினேன்.
அன்று இலை அசையவில்லை.

கழியில் அந்தச் சேற்றுக் கோடு
இன்னும் காய்ந்து நிற்கிறது. கழுவவில்லை.
ஷூவைக் கழற்றுகிறவர்களுக்குக் காட்டுவேன்.
"இன்னும் கொஞ்சம் கிட்ட" என்று யாராவது சொன்னால்
நானும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.