இரண்டு வாரத்துக்கு மேல்

குடியாத்தத்தில் பத்து மணிக்கே
தார் இளகிச் செருப்பில் ஒட்டும்.
நான்கு வருஷமாக நான் கேட்பது இது:
வீட்டில் யாருக்காவது
இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உண்டா?

பீடித் தட்டு மடியில் இருக்க
ஷமீமுன்னிசா சொல்வாள்,
"தூளு ஏறுது மேடம், அவ்ளோதான்."
தூளுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
தறிக்குழியிலிருந்து ஒருவர் தலை தூக்கி
"இன்னாத்துக்குக் கேக்கற, துட்டு தருவியா?" என்பார்.
அதற்கும் இல்லை.
மறுத்தால் எட்டு. பூட்டியிருந்தால் ஒன்பது.
மூன்று முறை போயும் பூட்டியிருந்தால்
அந்த வீட்டை வேலூரில் அழித்துவிடுவார்கள்,
ரப்பரே இல்லாமல்.

சித்திரையில் எனக்கு மோர் கொடுத்து இருமினவர்
வைகாசியில் படத்தில் இருந்தார்.
நான் தேதி கேட்டேன்.
தேதிதான் முக்கியம் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.
மருமகள் நகைக்கடைக் காலண்டரிடம் போய்
முதுகைக் காட்டியபடி
வெகுநேரம் நின்றாள்.

இந்த முறை கணினி பொறுக்கிய வீடுகளில்
என் வீடும் இருந்தது.
தன் வீட்டைத் தானே எழுதக்கூடாது.
பியூலா வந்தாள்.
அதே நீலப் பை, அதே அட்டை,
என்னைத் தெரியாதவள் மாதிரி
பேர், வயசு, எத்தனை பேர்,
எந்த அடுப்பு என்றாள்.
"காஸ்" என்றேன்.
பின்கட்டில் விறகு புகைந்தது.

"வீட்ல யாருக்காவது ரெண்டு வாரத்துக்கு மேல..."
"இல்ல."

ஆவணியில் கொழுந்தனுக்குக் கல்யாணம்.
பெண் வீடு பேரணாம்பட்டு,
எதையும் நாலு இடத்தில் விசாரிக்கிற ஜனம்.
ராணிப்பேட்டைத் தோல் ஷெட்டை விட்டு வந்ததிலிருந்து
அவர் திரைக்குப் பின்னால்தான் படுக்கிறார்.

என் "இல்ல" ஆறுவதற்குள்
திரைக்குப் பின்னால் இருமல்.
ஒன்று. பிறகு அடக்க முடியாத நான்கு.

பியூலாவின் பேனா நின்றது.
அந்த இடத்தில் நான் என்ன செய்வேன் என்று
எனக்குத் தெரியும்.
ஜன்னலைப் பார்ப்பேன்.
அப்புறம் அவர்கள் சொன்னதையே எழுதுவேன்.
மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பார்கள்,
முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போகும் என்பார்கள்,
நான் வண்டி பிடிக்க வேண்டும்.
அப்படி எழுதிய இல்லைகளெல்லாம் சேர்ந்து
வேலூரில் ஏசி அறைச் சுவரில்
வண்ணப்படமாகத் தொங்குகின்றன.
அதில் எங்கள் தாலுகா வெளிர்பச்சை.
பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

அவள் எழுதவில்லை.
பையிலிருந்து மூடி போட்ட டப்பா ஒன்றை எடுத்து
எண் ஒட்டி
ஜன்னல் கட்டையில் வைத்தாள்.
"நாளைக்குக் காலையில,
பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி.
எச்சில் வேணாம், நெஞ்சுலேர்ந்து வரணும்."
நான் தினம் சொல்கிற வாக்கியம்.
அதைக் கேட்க எப்படி இருக்கும் என்று
அன்றுதான் கேட்டேன்.

"டீ குடிச்சிட்டுப் போ."
"அடுத்த வீடு பூட்டிடுவாங்க, வரேன்."

அவள் செருப்பு மாட்டுகிற சத்தம்.
கேட் கொண்டி.
திரை அசையவே இல்லை.
அவள் தெருமுனை திரும்பும்வரை
மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.