நடுவில் வருவது

ஐந்தாவது சுருளும் கோணிப்போனது.
பைபர் காயுமுன்னே மழை;
நோர்வூட்டில் வேறென்ன பெய்யும்?
புஷ்பரூபி அதை அறுத்து ஒட்டி
பதினேழு பாகைச் சரிவைப் பதினாலாக்கினாள்.

கெசல்கமுவ ஓயா மணலை
வாளியில் கரைத்து உச்சியில் ஊற்றினேன்.
முதல் சுற்றில் வெறும் சேறு.
மூன்றாவதில்
உள்ளோரம் ஒட்டிப் படுத்தது ஒரு கறுப்புக் கோடு,
கண்ணுக்கு இழுத்த மை மாதிரி.
வெள்ளை மணல் அவசரக்காரன்.
தண்ணீரோடு வெளிவிளிம்பில் ஏறி ஓடினான்.

"தகட்டை நகர்த்து. தீக்குச்சிப் பருமன்தான்."
நகர்த்தினேன்.
கறுப்பு ஒரு வாளியில்,
வெள்ளை ஒரு வாளியில்.

இரண்டிலும் சேராமல்
பழுப்பாய் ஒன்று
நடுவில் வந்துகொண்டே இருந்தது.
இதை எங்கே கொட்ட?

நனைந்த கொப்பியில் எழுதியபடி,
நிமிராமலே சொன்னாள்:
"திரும்ப மேலே."

ஏணியில் எனக்கு
அது பதினோராவது தடவை.