காந்தி ரோட்டில், அப்டேட்டுக்கு மறுநாள்

ராத்திரி எல்லோரும் தூங்கும்போது
அப்டேட் வந்து இறங்கிவிட்டது.
காலையில் ஷட்டரை முக்கால் தூக்குவதற்குள்
ஏழு பேர்,
ஏழு பேர் கையிலும் தோசைக்கல்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தாம்மா இருந்துச்சு" என்றார்
தோட்டப்பாளையம் ஆட்டோக்காரர்.
எல்லோரும் சொல்வது அதுதான்.
நேற்று வரைக்கும் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

கத்திரி பிறந்து ஆறாம் நாள்.
நூற்று எட்டு டிகிரி என்று சொன்ன போனும்
சொல்லிவிட்டு அணைந்துபோனது.

ஒருவர் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வந்திருந்தார்,
திரைக்குள்ளே வேர்த்திருந்தது.
ஒரு அம்மா ஈரத்துணியில் சுற்றி,
தயிர் பாக்கெட்டோடு ஒரே பையில்.
உறையைக் கழட்டுங்க முதல்ல, என்பேன்.
லொகேஷனை நிறுத்துங்க, வெளிச்சத்தைக் குறைங்க,
சார்ஜ் போட்டுக்கிட்டே ரீல்ஸ் பார்க்காதீங்க,
ரெண்டு நாள் பொறுங்க.
கடைசியாகச் சொன்னதற்குத்தான்
யாரும் காசு தர மாட்டார்கள்.

பதினொன்றரைக்கு வந்தவர் மால்டாக்காரர்.
எதிர் லாட்ஜில் மூன்றாம் மாடி, நாலு மாதமாக.
என் பலகையில் தமிழைவிடப் பெரிதாக எழுதியிருக்கும்
வங்காளத்தைப் படித்துவிட்டு வந்ததாக
இந்தியில் சொன்னார்.
பேர் நிரபத மண்டல்.
லாட்ஜில் நூறு இருந்தது
ஆஸ்பத்திரி வாசல் போவதற்குள் நாற்பதாம்.
"ரிசல்ட் மெசேஜ் வரணும். வார்டிலிருந்து கூப்பிடுவாங்க.
ஊர்ல பொண்ணு தனியா இருக்கு."

"பேட்டரி மாத்திடலாமாக்கா?" என்றான் இம்தியாஸ்.
ஆயிரத்து நானூறு அவன் கண்ணில் எரிந்தது.
சும்மா இருடா.

பேட்டரிக் கணக்கைத் திறந்தேன்.
வாட்ஸ்அப் நாலு, அழைப்பு மூன்று,
கேலரி அறுபத்தொன்று.
"போட்டோ பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?"
ஜனவரியிலிருந்து அதைத் திறக்கவேயில்லை என்றார்.

பார்த்துக்கொண்டிருந்தது அவரில்லை.
புது அப்டேட்டுக்குப் பழைய ஞாபகம் கிடையாது.
ஒன்பதாயிரத்துச் சொச்சம் படங்களையும்
முதலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து
யார் இது, யார் இது என்று
முகம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தது,
சட்டைப்பை இருட்டில்,
மருந்துச் சீட்டுகளுக்கு நடுவில்,
சுடச்சுட.

நிறுத்திவிடலாம், ஒரு பட்டன்தான்.
விரலை வைக்கப் போகையில்
அதுவே ஒரு கேள்வி கேட்டது.
பக்கத்தில் பக்கத்தில் இரண்டு வட்டம்.
ஒன்றில் மாந்தோப்பு,
இடுப்பைத் தாண்டிய பின்னல்,
சிரிப்பை மறைக்கும் கை.
இன்னொன்றில் லாட்ஜின் பச்சைச் சுவர்,
முடியில்லாத தலை, புருவமும் இல்லை,
தாடைக்குக் கீழே இழுத்துவிட்ட மாஸ்க்.
அந்த எழுத்து எனக்குப் படிக்க வராது.
ஆனால் எல்லாப் போனிலும்
அந்த இடத்தில் வருவது அந்தக் கேள்விதான்:
ஒரே ஆளா, வேறு வேறா?

பதினோரு வருஷத் தொழிலில்
நான் அழுத்தக்கூடாத பட்டன் ஒன்று இருப்பது
அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.
பதினான்கு சதவீதம்.
பதிமூன்று.
இம்தியாஸ் சார்ஜர் ஒயரை நீட்டினான்,
அவர் பார்க்கவில்லை.
பன்னிரண்டில்
கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு
அழுத்தினார்.
உடனே அடுத்ததைக் கேட்டது.
அதற்கும் அதே இடத்தில்.
அதற்கும்.

"இன்னும் எத்தனை கேட்கும், தீதி?"
நாளைக்குள் முடிச்சிடும், அப்புறம் ஆறிடும்.
ஆறிடும் என்பதற்கு என் இந்தியில்
சூடு குறையும் என்றுதான் சொல்ல வந்தது.

காசு வேண்டாமென்றேன், கோபித்துக்கொண்டார்.
முப்பது ரூபாயை மேஜையில் வைத்து
ரசீதும் கேட்டார்,
மச்சானுக்குக் கணக்குக் காட்ட வேண்டுமாம்.
செய்த வேலை என்ற கட்டத்தில்
கொஞ்ச நேரம் பேனாவை ஊன்றிவைத்திருந்து
உறை கழற்றியது
என்று எழுதினேன்.