பெர்லேவோக், இரண்டாம் முயற்சி

முதல் மாதம் நான் ஓட்டியது தொலைபேசியை.
கீர்கனஸில் சலவைக்கடைக்கு மேலே ஓர் அறை,
மூன்று கட்டில், ஐந்து விமானிகள்.
யாரோ விட்டுப்போன சூட்டில் யாரோ படுப்போம்.
அழைப்பு வந்தால் ஐம்பது நிமிடத்தில் சீருடையில் நிற்க வேண்டும்.
வரவில்லை.
குளிக்கும்போது சோப்புப் பெட்டிமேல் வைத்தேன்,
தூங்கும்போது மார்பின்மேல்.
கனவிலும் அது ஒலிக்காமலே கிடந்தது.
பயிற்சிக் கடன் கொடுத்த வங்கி மட்டும்
மாதம் பிறந்தால் மறக்காமல் அழைக்கும்.
சம்பளம் வந்த அன்றே ஊரை விட்டுப் போய்விடும்;
நான்தான் இருந்தேன்.

பிறகு ஒரே மூச்சில் எல்லாம்.
முப்பத்தொன்பது இருக்கை, இரண்டு புரொபெல்லர்,
இறக்கைமேல் பீய்ச்சிய திரவத்தின் பாகு வாடை
தலைமுடியில் ஏறி மறுநாள் வரை இறங்காது.
வலப்பக்க இருக்கை எனக்கு.
ஒப்புக்குச் சப்பாணி என்றுதான் நினைத்திருந்தேன்,
கேப்டன் தூர்கிரிம் ஈரல் தடவிய ரொட்டியை மடித்துக்கொண்டே
"இது உன்னுடையது" என்று சொல்லும் வரை.

பேருந்து போலத்தான்.
பல் பிடுங்கப் போகிறவர், கைப்பந்து விளையாடும் சிறுமிகள்,
இரத்த மாதிரிகள் ஒரு பெட்டி.
போகும்போது ஒருத்தி, வரும்போது இருவர்.
மடிக்குழந்தைக்கு எடைத்தாளில் தனிக் கனம் கிடையாது;
விதி அப்படி.

நவம்பர் கடைசியில் குன்வோர் ஏறினார்,
தங்கையை அடக்கம் செய்ய.
மலர்வளையம் மேலடுக்கில் நுழையவில்லை.
பக்கத்து இருக்கையில் நிறுத்திப்
பெல்ட் போட்டுவிட்டாள் பணிப்பெண் ஐடுன்.

பகல் இரண்டு மணி, கும்மிருட்டு.
பாறைமேல் ஒட்டிய பிளாஸ்திரி போல ஓடுபாதை.
கடலிலிருந்து குறுக்கே வாடை.
விளக்குகள் கண்ணாடியின் நடுவில் இல்லை,
இடது ஓரத்தில், வேறு யாருடையவோ போல.
மேலே, என்றேன்.
என் வாய்தான் சொன்னது; கை முந்திவிட்டிருந்தது.
சுற்றி வந்தோம். இன்னொரு முறை.
இன்னொரு முறையும் மேலே.
தூர்கிரிம் எரிபொருளைப் பார்த்தார், தலையசைத்தார்.
ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளவில்லை,
நானாகத்தான் எடுத்தேன்.
"இறங்க முடியவில்லை. வருந்துகிறோம்."
அந்த வாக்கியத்தில் எழுவாய் இல்லை என்று
அன்றிரவு கட்டிலில் கண்டுபிடித்தேன்.

கீர்கனஸில் அவர் பெல்ட்டை அவிழ்த்து
வளையத்தை இரு கையாலும் தூக்கிக்கொண்டு
படியிறங்கியதை
என் பக்கக் கண்ணாடியில் பார்க்க முடியாது.
பார்த்தேன்.

ஜனவரியில் ஒரு நாள் பத்தாயிரம் அடியில்
மேகத்துக்கு மேல் வந்ததும் சூரியன்.
ஊருக்கு அது வர இன்னும் நாலு நாள்.
அறிவிப்பு எதுவும் செய்யவில்லை,
ஆனால் எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்தது
தெரிந்தது என்றே நினைத்துக்கொள்கிறேன்.

ஜூனில், இரவு பதினொன்றின் வெயிலில்,
பெர்லேவோகில் இறங்கினோம். அலுங்காமல்.
எல்லோரும் போன பிறகு வாசலில் ஒருவர் நின்றார்.
"அன்றைக்குப் பேசியது நீங்கள்தானே? குரல்."
ஆமாம்.
"அந்த வளையம் ஜனவரி வரை
என் பால்கனியில் கிடந்தது. குளிரில் வாடவே இல்லை."
நான் ஏதாவது சொல்வேன் என்று அவர் காத்திருக்கவில்லை.
கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக,
கல்லறைப் பக்கம் கொஞ்சம் பார்த்துவிட்டு,
டாக்ஸியில் ஏறினார்.

எங்கள் பையில் எல்லாவற்றுக்கும்
சரிபார்ப்புப் பட்டியல் உண்டு,
எஞ்சினில் தீ, கதவில் கசிவு.
புரட்டிப் பார்த்தேன், சும்மா.

குறிப்பேட்டில் எழுதினேன்:
பெர்லேவோக், இறக்கம் ஒன்று.
அடுத்த புறப்பாட்டுக்கு இருபது நிமிடம்.
கம்பத்தில் காற்றுப்பை
துவைத்துப் போட்ட காலுறை போலத் தொங்கியது.