ரெண்டு, மூணு, நாலு

ஊசி விழுந்ததும் முதலில் கேட்பது
அவர் குரல்தான்:
"ரெண்டு, மூணு, நாலு."
ஒண்ணு கிடையாது.
கேட்டால், "ஒண்ணு நான்தானே" என்பார்.

சிவாஜிநகரில் ரொட்டி அடுப்பு தூங்கும் மதியங்களில்
மணிக்கு நாலு ரூபாய் கொடுத்து
பேக்கரியை வாடகைக்கு எடுத்தார் ஞானாதிக்கம்.
டிரம்ஸைச் சுற்றி மைதா மூட்டைகளை
மார்பளவு அடுக்கச் சொன்னார்.
சத்தம் மாவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.
பேஸ் கிட்டார்காரன் தும்மினால்
திரும்பவும் முதலிலிருந்து.
சுவரில் மிச்சமிருந்த சூட்டில் தந்திகள் தளரும், ஸ்ருதி இறங்கும்.
"இறங்கட்டும்,
பாட்டும் கூடவே இறங்கட்டும்."
எந்த ஆர்மோனியக் கட்டையிலும் அகப்படாத
ஓர் இடம் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது.

அவருக்கு நொட்டேஷன் தெரியாது.
தபால் ஆபீஸில் தந்தி அடித்தவர்.
ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறும் குடும்பமொன்றின் ஏலத்தில்
எல்லாரும் தேக்குக் கட்டிலுக்குக் கை தூக்க,
சீந்துவாரற்றுக் கிடந்த ஒரு பெட்டி இசைத்தட்டைப்
பதினோரு ரூபாய்க்கு எடுத்தார்.
ரிதம் அண்ட் ப்ளூஸ் என்று போட்டிருந்தது உறையில்.
கேட்ட அன்று ராத்திரி
முன்பின் தெரியாத யாரோ தனக்கு
நீளமாக ஒரு தந்தி அடித்ததுபோல் இருந்ததாம்.
பதில் அனுப்பத்தான் கம்பெனி.

ஞானாதிக்கம் நண்பர்களின் வாயில் டிக்கி ஆனார்.
லேபிளும் டிக்கி ரெக்கார்ட்ஸ்.
பொருத்தம்தான்.
கடைக்காரர்கள் கையை விரித்துவிட
ஸ்டாண்டர்டு ஹெரால்டின் டிக்கியே கடை.
பிரிகேட் ரோட்டில் படம் விடும் நேரம் பார்த்துத் திறப்பார்.

எமரென்சியா சிகரெட் பாக்டரியில் பெட்டி ஒட்டுகிறவள்.
ஒட்டும்போது முனகியதுதான் 'பதினோரு மணி பஸ்'.
பாதி தமிழ், பாதி இங்கிலீஷ்,
கண்டக்டரிடம் கெஞ்சும் ஒரு வரி மட்டும் கன்னடம்.
ஒன்பதாவது டேக்கில் அந்த வரியில் குரல் உடைந்தது.
அழப்போனாள்.
"போதும், இனி பாடாதே. இதுதான்" என்றார்.
அந்த ஒரு 'போதும்'க்காக
அவரை இன்றைக்கும் நான் மன்னிக்கத் தயார்.

மற்றதற்கு?
கணக்கு எழுதியவள் நான்.
பச்சை லெட்ஜர், பக்கம் நாற்பத்தொன்று:
எமரென்சியா, பாட்டு வகையில்,
ரூபாய் எழுபத்தைந்தும் ஒரு பிளம் கேக்கும்.
கையெழுத்தின் மேல் இன்னும் நெய்க்கறை.
தட்டில் இயற்றியவர் என்ற இடத்தில்
ஞானாதிக்கம்.
டைப் அடித்ததும் நான்தான்.

கல்கத்தாவில் அச்சாகி ஐந்நூறு தட்டு வந்தது.
கண்டோன்மென்ட் கூட்ஸ் ஷெட் வெயிலில்
அறுபது, அப்பளமாய் நெளிந்தது.
இப்படியே ஒன்பது தட்டு போட்டோம்.
பத்தாவதுக்கு அவர் காரை விற்றார்.
டிக்கி போனபின் கடை ஏது?

பௌரிங் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம்
கட்டில் கம்பியில் விரல் தட்டிக்கொண்டே இருந்தது.
நடுக்கம் என்று எழுதினாள் நர்ஸ்.
எனக்குத் தந்தி பாஷை தெரியாது.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு பையன் போன் செய்தான்.
அந்தத் தட்டை மறுபடி அச்சடிக்கிறார்களாம்.
பாட்டை எழுதியது யார், என்றான்.
லெட்ஜரைத் திறந்து
எ-ம-ரெ-ன்-சி-யா என்று
எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
ரெண்டு தரம் சொன்னேன்.

மர்பி டவுனுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதற்கு
"அந்தக் கேக்கில் ஒரே முட்டை வாடை" என்றாள்.
காது மந்தம்.
வால்யூமை முழுக்க வைத்து ஊசியை இறக்கினேன்.

இத்தனை வருஷம் எனக்கும் கேட்காதது:
ரெண்டுக்கு முன்னால்,
ஒண்ணு இருக்கவேண்டிய இடத்தில்,
அவள் மூச்சு இழுக்கிறாள்.